ஜாஸ் கேட்க மதுக்கூடத்துக்குத்தான் போக வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு பதிப்பில் வாசகர் ஒருவர் நம் பிள்ளைகளைப் பற்றி வருத்தப்பட்டு எழுதியிருந்தார். சின்ன வயதிலிருந்து மிருதங்கமும் வயலினும் வீணையும் கற்கிறார்கள், மண்டபம் எடுத்து ஊரைக் கூட்டி அரங்கேற்றம் செய்கிறார்கள், அதோடு வாத்தியத்துக்கு உறை போட்டு அலமாரி மேல் ஏற்றிவிடுகிறார்கள் என்பது அவர் குறை. படிப்பும் கைப்பேசியும்தான் காரணம் என்று முடித்திருந்தார். எனக்கு அந்த முடிவில் சம்மதம் இல்லை. அரங்கேற்றம் முடிந்த மறுவாரம் அந்தப் பிள்ளை எங்கே போய் வாசிப்பது என்று யாராவது யோசித்தோமா?

எனக்கு இந்தக் கேள்வி வந்ததே, அமெரிக்காவில் பிறந்த ஜாஸ் இசையின் கச்சேரி ஒன்றால்தான். அண்மையில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, கோலாலம்பூர் புக்கிட் பிந்தாங்குக்குப் பின்புறம் ஒரு கடைவீட்டு மாடியில் நடந்த கச்சேரிக்கு நானும் என் வீட்டுக்காரரும் போயிருந்தோம். கூட்டிப்போனவர் பக்கத்து வீட்டு அக்கா. அன்று டிரம்ஸ் வாசித்தது அவருடைய மகன். பள்ளிக்கூட நாளில் மிருதங்கம் கற்று, அரங்கேற்றமும் செய்து, கல்லூரிக்குப் போனதும் டிரம்ஸுக்கு மாறியவன். நான் அவன் அரங்கேற்றத்துக்கும் போய்ச் சாப்பிட்டு வந்தவள்தான்.

நாற்பது நாற்காலி போட்டால் நிறைந்துவிடும் இடம். மேடை என்பது ஒரு சாண் உயரப் பலகை. மூடியைத் திறந்து வைத்த ஒரு பியானோ, ஆளைவிட உயரமான டபுள் பாஸ் என்ற தந்தி வாத்தியம், ஒரு டெனர் சாக்ஸபோன், டிரம்ஸ். அவ்வளவுதான் குழு. 9.30 என்று போட்டிருந்தார்கள், பத்து நிமிடம் கழித்துத் தொடங்கிவிட்டார்கள். டத்தோ பட்டம் பெற்ற பிரமுகர் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. பொன்னாடை இல்லை, மாலை இல்லை, சிறப்புரை இல்லை. நம் நிகழ்ச்சிகளில் ஒலிபெருக்கி நெஞ்சில் இடிக்கிற இடியில் பாடகர் பாடுவதே பாதி நேரம் புரியாது. இங்கே டிரம்ஸுக்கு மைக்கே வைக்கவில்லை. கம்பித் தூரிகையால் அந்தப் பையன் தோலைத் தடவுகிற சத்தம் கடைசி வரிசைக்கும் வந்தது.

முதல் அரை மணி நேரம் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை என்பது உண்மை. ராகம் கேட்டுப் பழகிய காது சுருதியைத் தேடும். ஜாஸில் சுருதிப்பெட்டி கிடையாது. அடியில் பியானோவில் பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கட்டுகள் மாறிக்கொண்டே போகும், நிற்க இடம் தராது. பிறகுதான் ஒரு வழி கண்டுபிடித்தேன். டபுள் பாஸைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அது தட்டுக்கு ஒரு சுரமாக நிதானமாக நடந்துகொண்டே இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டால் சாக்ஸபோன் எங்கே போய் எங்கே திரும்புகிறது என்பது கேட்கத் தொடங்கிவிடும்.

அப்புறம் தாளம். வீட்டுக்காரர் வழக்கம்போல் தொடையில் ஆதி தாளம் போட ஆரம்பித்தார். நாம் முதல் எண்ணிக்கையில் ஓங்கித் தட்டுகிறவர்கள். பக்கத்து மேசையில் இருந்தவர்களோ இரண்டிலும் நான்கிலும் விரல் சொடுக்கினார்கள். இவர் அவர்களை ஒரு பார்வை பார்த்தார், அவர்கள் இவரை ஒரு பார்வை பார்த்தார்கள். இரண்டு தரப்பும் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் கணக்கு இடிக்கவே இல்லை. பழைய ஜாஸ் பாட்டுகளில் ஏராளமானவை 32 பார் கொண்டவை. பார் என்றால் ஒரு தாளக் கட்டம், ஒரு பாருக்கு நான்கு எண்ணிக்கை. ஆக 128 எண்ணிக்கை, எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தில் சரியாகப் பதினாறு ஆவர்த்தனம், அதாவது பதினாறு சுற்று. முதலில் பாட்டை ஒருமுறை நேராக வாசித்துவிடுகிறார்கள். பிறகு அதே 32 பாரைத் திரும்பத் திரும்பச் சுற்றி, சாக்ஸபோன், பியானோ, பாஸ் என்று ஒவ்வொருவராக மனத்தில் தோன்றியதை வாசிக்கிறார்கள். கடைசியில் பாட்டுக்கு வந்து முடிக்கிறார்கள். கற்பனையில் தோன்றும் கல்பனா ஸ்வரம் பாடிவிட்டு, பாட்டு தொடங்கும் எடுப்புக்குத் திரும்புவதை அறிந்தவர்களுக்கு இதில் என்ன புதுமை?

எனக்கு மிகவும் பிடித்தது இரண்டாம் பகுதியில் வந்தது. சாக்ஸபோன் நான்கு பார் வாசிக்க, அதற்குப் பதிலாக டிரம்ஸ் நான்கு பார். கொஞ்ச நேரத்தில் அது இரண்டிரண்டு பாராகக் குறைந்தது. அக்கா மகன் முகத்தில் அப்போது அரங்கேற்றத்தன்று பார்த்த அதே குறும்பு. முடிந்ததும் கேட்டேன். “தனி ஆவர்த்தனத்துல குறைச்சு வாசிப்போமே ஆன்ட்டி, அதேதான்” என்றான். கச்சேரி நடுவே தாள வாத்தியம் மட்டும் ஒலிக்கும் பகுதியைத்தான் சொன்னான். டேவ் புரூபெக் குழு 1959இல் பதிவு செய்த, பால் டெஸ்மண்ட் எழுதிய ‘டேக் ஃபைவ்’ என்ற ஐந்து எண்ணிக்கைப் பாட்டையும் வாசித்தார்கள். ஐந்து எண்ணிக்கைக் கண்ட நடையை நாம் பெரும்பாலும் தக தகிட என்று பிரிப்போம். அது தகிட தக என்று திருப்பிப் போட்டது. வீட்டுக்காரர் இந்த ஒரு பாட்டுக்குத்தான் எழுந்து நின்று கைதட்டினார்.

மிருதங்கம் கற்றது வீணாகப் போகவில்லை என்று சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். பையன் வாசிப்பதை நிறுத்தவில்லை, நாம் இல்லாத இடத்துக்குப் போய் வாசிக்கிறான். ஏன் போனான்? அங்கே மாதத்தில் சில இரவுகள் நிச்சயமாக மேடை இருக்கிறது. கேட்க முப்பது பேர் வருகிறார்கள். கையில் கொஞ்சம் சம்பளமும் கிடைக்கிறது. நம்மிடம் இருப்பது இரண்டே மேடைகள்: ஒன்று அரங்கேற்றம், மற்றது புக்கிட் ஜாலில் அரங்கில் சென்னை நட்சத்திரங்கள் வந்து போகும் இரவு. நடுவில் ஒன்றுமே இல்லை.

சரி, அந்த மாடியில் எல்லாம் சுகமா என்றால் அதுவும் இல்லை. ஒரு டம்ளர் ஆரஞ்சு ரசத்தின் விலையில் நம் பக்கத்தில் இரண்டு பேர் வாழையிலைச் சாப்பாடு சாப்பிடலாம். பின்னால் ஒரு கும்பல் பாஸ் தனியாக வாசிக்கும் நேரமாகப் பார்த்துப் பிறந்தநாள் கதை பேசியது. முடிந்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது, ரயில் இல்லை, வாடகைக் காருக்கு ஏறிய விலை. எல்லாவற்றுக்கும் மேலாக அது மது விற்கும் இடம். பிள்ளைகளைக் கூட்டிப்போக முடியாது, பெரியவர்கள் வரமாட்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா தன் மாமியாரிடம் “ஓட்டல்ல வாசிக்கிறான்” என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறாராம். பேரன் வாசிப்பதைப் பாட்டி இன்றுவரை கேட்டதில்லை.

இதற்காக மதுக்கூடம் நடத்துகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஜாலான் மெசுயி தெருவில் ‘நோ பிளாக் டை’ என்ற ஜாஸ் மதுக்கூடம் 1998இல் தொடங்கியதிலிருந்து, தலைநகரில் ஜாஸ் கேட்க ஓரிடம் என்று சொல்ல முடிகிறது. அப்படிப்பட்ட சில முதலாளிகளின் பிடிவாதம் இல்லாவிட்டால் இந்த அளவுகூட இருக்காது. நாற்பது நாற்காலியின் நுழைவுக் கட்டணத்தில் மட்டும் நான்கு கலைஞருக்குச் சம்பளம் கொடுத்து வாடகையும் கட்ட முடியாது, குடிக்கிறவர்கள்தான் கேட்கிறவர்களுக்கும் சேர்த்துக் கட்டுகிறார்கள். ஆனால் வாடகை கட்ட வேண்டாத இடம் நம்மிடம் இருக்கிறதே?

ஜாஸ் நமக்கு அந்நியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். பாஸ்டனில் பிறந்த சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோ 1960களின் பிற்பாதியில் மலேசிய வானொலி இசைக்குழுவுக்குப் பயிற்சி தர இங்கே வந்தார். நாதஸ்வரம் அவருக்கு அறிமுகமானது இந்த மண்ணில்தான். அதைக் கற்று, பிறகு தன் இசைத்தட்டுகளிலும் வாசித்தார். நாதஸ்வரத்தைத் தேடி அவர் தஞ்சாவூர் போய்த் தொடங்கவில்லை, இங்கே கேட்டுத் தொடங்கினார் என்பதை நாம் ஏன் நம் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை? நம்மவரான டிரம்ஸ் கலைஞர் லூயிஸ் பிரகாசம் ‘ஏசியாபீட்’ குழுவை வைத்து ஆசியத் தாளங்களையும் ஜாஸையும் பல ஆண்டுகளுக்கு முன்பே சேர்த்துக் காட்டிவிட்டார். பினாங்கில் 2004 முதல் பல ஆண்டுகள் பத்து ஃபிரிங்கி கடற்கரையோரம் ஜாஸ் விழாவே நடந்தது. தைப்பூசத்தில் உறுமி மேளம் அடிக்கும் பையன்களை ஒரு ஜாஸ் டிரம்மர் பக்கத்தில் உட்கார வைத்துப் பாருங்கள், யார் யாரிடம் கற்றுக்கொள்கிறார்கள் என்று தெரியும்.

நான் கேட்பது பெரிதில்லை. நம் சங்கங்களுக்குச் சொந்தமாக மாடி அறைகள் இருக்கின்றன, கோயில்களில் தேவார வகுப்பு நடக்கும் கூடங்கள் இருக்கின்றன. பல ஞாயிறு மாலைகளில் அவை பூட்டித்தான் கிடக்கின்றன. மாதம் ஒருமுறை ஐந்து மணிக்குத் திறந்து, நாற்பது நாற்காலி போட்டு, தலைக்கு 20 வெள்ளி வாங்கி, தேநீர் கொடுங்கள். ஒரு மாதம் வயலின், ஒரு மாதம் நாதஸ்வரம், ஒரு மாதம் ஜாஸ். ஒலிபெருக்கி வேண்டாம், பேச்சாளர் வேண்டவே வேண்டாம். கோயில் கூடத்தில் ஜாஸா என்று முகம் சுளிக்கும் நிர்வாகங்கள் இருக்கும், தெரியும். அவர்கள் சங்க அறைகளுக்கு விட்டுவிடட்டும், நாதஸ்வரத்துக்காவது கதவைத் திறக்கட்டும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். நட்சத்திர இரவுகளுக்கு முழுப் பக்கம் தருகிறீர்கள், விளம்பர வருமானம் தேவைதான், புரிகிறது. அதே பக்கத்தின் ஓரத்தில் அந்த வாரச் சின்னக் கச்சேரிகளின் இடமும் நேரமும் கட்டணமும் போட உள்ளங்கை அளவு கட்டம் ஒதுக்குங்கள்.

அந்தப் பையனிடமும் கேட்டுவிட்டேன். ஞாயிறு மாலைகளில் குழுவில் எல்லாரும் சும்மாதான் இருக்கிறார்களாம். பியானோ இல்லாத இடமென்றால் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு வருவார்களாம். பழைய கிள்ளான் சாலை, பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் பக்கம் அறை தர முன்வரும் சங்கம் இருந்தால் உங்கள் அலுவலகத்துக்கு எழுதச் சொல்லுங்கள். மாடிப்படி அதிகமில்லாத இடமாக இருந்தால் நல்லது, பாட்டிக்கு முழங்கால் வலி.

இப்படிக்கு,
வாசகி,
பழைய கிள்ளான் சாலை, கோலாலம்பூர்