வார்டு சாஃப்ட்வேர் டிசைன் பண்றவங்களுக்கு ஒரு திறந்த மடல்

டிசைன் டீமுக்கு வணக்கம்.

புது சிஸ்டம் பத்தி நான் புதுசா சொல்ல ஒண்ணுமில்ல, நாங்க அனுப்புன கம்ப்ளைன்ட் எல்லாம் உங்ககிட்டதான் இருக்கு. நேத்து வந்த சர்க்குலர்தான் இத எழுத வச்சுது. இனிமே வார்டுல யார் கையிலயும் துண்டுச்சீட்டு இருக்கக் கூடாதாம், எல்லாம் ஸ்கிரீன்லயே இருக்கணுமாம்.

ஏன் சீட்டு எழுதுறோம்னு ஒரு தடவையாவது கேட்டீங்களா? ஷிப்ட் மாறும்போது ரெண்டு நர்ஸ் பெட் பெட்டா நடந்துகிட்டேதான் பேசுவோம். அஞ்சாம் பெட்டுக்கு ராத்திரி யூரின் கம்மி, டாக்டர்கிட்ட சொல்லியாச்சு, இன்னொருக்கா பாக்கச் சொன்னாரு, அவர் பொண்ணு வந்தா டிஸ்சார்ஜ் பேச்ச இப்ப எடுக்காதீங்க... இதுல பாதிக்கு உங்க ஃபார்ம்ல கட்டமே இல்ல. ஒருத்தர் ஃபைல மூடினாத்தான் அடுத்தவர் ஃபைல் திறக்கும், கம்ப்யூட்டர் இருக்கறதோ வார்டு வாசல்ல, கையில சலைன் பாட்டிலோட நிக்கறவ அங்க ஓடி லாகின் பண்ணி, நடுவுல யாராவது கூப்ட்டா போய்ட்டு வர்றதுக்குள்ள லாக்அவுட் ஆகிடும். அதான் சீட்டு.

தயவு செஞ்சு ஒரு ஷிப்ட் மாற்றத்த நேர்ல வந்து பாருங்க.

உங்க பிரசன்டேஷன்ல ஆக்டிவிட்டி தியரி முக்கோணம் கலர் கலரா நல்லாத்தான் இருந்துச்சு, ஒரு வேலைய தனி ஆளா பாக்காம சுத்தி இருக்கறதோட சேத்துப் பாக்கச் சொல்ற தியரி அது. ஃபின்லாந்து ஆராய்ச்சியாளர் எங்கஸ்ட்ரோம் 1987ல போட்ட முக்கோணத்துல ஆளும் கருவியும் மட்டுமா இருக்கு? கீழ விதிகள், கூட வேலை பாக்கறவங்க, வேலைப் பங்கீடுன்னு மூணு இருக்கே, அது எதுவும் உங்க ஸ்கிரீன்ல காணோம். இந்த தியரிக்கு அடித்தளம் போட்ட சோவியத் உளவியலாளர் லியோன்டியேவ் ஒரு வேட்டைய உதாரணம் சொல்லுவாரு, மிருகத்த விரட்டி விடுறவன மட்டும் தனியா பாத்தா கிடைக்கப்போற சாப்பாட்ட துரத்தி விட்டுடற மாதிரிதான் தெரியும், அந்தப் பக்கம் பதுங்கி நிக்கறவங்களையும் சேத்துப் பாத்தாத்தான் அது வேட்டைன்னு புரியும். உங்க ரிப்போர்ட்ல நாங்க 'சிஸ்டத்த ஒழுங்கா யூஸ் பண்ணாதவங்க'ளா தெரியறதும் இதனாலதான்.

முரண்பாடு எங்க வருதோ அங்கதான் மாற்றத்துக்கு வழி இருக்குன்னு அந்த தியரியே சொல்லுது. இங்க எங்க சீட்டுக்கும் உங்க ஸ்கிரீனுக்கும் நடுவுலதான் முரண்பாடு, நீங்க அதுக்கே சர்க்குலர் போட்டு தடை விதிச்சுட்டீங்க, சூப்பர். இதுக்கு மேல எதக் கேட்டாலும் ட்ரெய்னிங் போதலம்பீங்க, வார்டுக்குள்ள கால் வைக்காதவங்க வந்து எங்களுக்கு வார்டு வேலை சொல்லிக் குடுக்கறாங்க, அதுவும் ஷிப்ட் முடிஞ்சு வீட்டுக்குக் கிளம்புற நேரத்துல.

சரி, கோவத்த விடுறேன். அடுத்த வெர்ஷனுக்கு முன்னாடி ஒரு ஷிப்ட் மாற்றத்த வந்து பாருங்க, அதுவரைக்கும் சர்க்குலர நிறுத்தி வையுங்க. தேதி மட்டும் சொல்லுங்க, வார்டு இன்சார்ஜ்கிட்ட நானே பர்மிஷன் வாங்கி வைக்கறேன்.

இப்படிக்கு,
ஒரு வார்டு நர்ஸ்