கடன் முடியும்வரை காத்திருக்காதே

வட்டுக்கோட்டை

அன்பின் சிநேகிதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் எல்லாரும் சுகம். இந்த முறை மாரி மழை அளவோடு பெய்ததால் வெங்காயம் தப்பிவிட்டது, கிணற்றிலும் தண்ணீர் நிற்கிறது. அம்மாவுக்கு முழங்கால் நோ கொஞ்சம் கூட. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாமல் இருக்கமாட்டார். நீ வவுனியாவில் அண்ணா வீட்டோடு இருப்பது எனக்குப் பெரிய ஆறுதல். தையல் வேலை தொடர்ந்து வருகிறது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கடன் முழுக்கக் கொடுத்து முடித்தபிறகுதான் கோயில் படி மிதிப்பேன், அதுவரைக்கும் ஆண்டவருக்கு முன்னால் நிற்க முகமில்லை என்று எழுதியிருக்கிறாய். அதை வாசித்த நேரம் தொடக்கம் எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

நீ நடத்திய சீட்டுக் காசை எடுத்து உன் கடையில் போட்டது பிழைதான். இல்லை என்று நான் சொல்லப்போவதில்லை, நீயும் அதை எதிர்பார்க்கமாட்டாய். மகளின் கல்யாணத்துக்கென்றும் வீட்டுக்குக் கூரை போடவென்றும் மாதாமாதம் மிச்சம்பிடித்துக் கட்டிய சனங்கள். போன கிழமை சந்தையில் அவர்களில் ஒருவரைக் கண்டேன். உன் கதை வந்தவுடனே முகம் கறுத்துவிட்டது. கோபப்பட அவருக்கு உரிமை இருக்கிறது. ஆண்டவர் உன்னை மன்னித்துவிட்டார், நீங்களும் மன்னியுங்கள் என்று நாங்கள் போய் அவரை நெருக்க முடியாது, அது நியாயமுமில்லை. ஆனால் நீ அவருடைய முகத்தைப் பார்த்து, ஆண்டவரின் முகமும் இப்படித்தான் இருக்கும் என்று முடிவுகட்டிவிட்டாய். அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

வேதாகமத்தில் லூக்கா 19ஆம் அதிகாரத்தை ஒருக்கால் எடுத்து ஆறுதலாக வாசி. வரி வசூலித்துப் பணக்காரனான சகேயுவின் கதை ஞாயிறு பள்ளியிலேயே எங்களுக்குப் பாடம். குள்ளமான மனிதன் காட்டத்தி மரத்தில் ஏறினான் என்பதோடு சின்ன வயதில் விட்டுவிட்டோம். நடந்தது எந்த ஒழுங்கில் நடந்தது என்று இப்போது பார். இயேசு மரத்தடிக்கு வந்து அண்ணாந்து பார்த்து, சீக்கிரம் இறங்கி வா, இன்றைக்கு நான் உன் வீட்டில் தங்கவேண்டும் என்கிறார். அந்த நேரம் சகேயு யாருக்கும் ஒரு சதம்கூடத் திருப்பிக் கொடுத்திருக்கவில்லை. கொடுப்பேன் என்று வாய் திறக்கவுமில்லை. பாவியின் வீட்டில் போய்த் தங்குகிறாரே என்று ஊர் முணுமுணுக்கிறது. அதற்குப் பிறகுதான் அவன் எழுந்து நின்று, சொத்தில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியது இருந்தால் நாலு மடங்காய்த் திருப்பித் தருகிறேன் என்கிறான்.

நாலு மடங்கு என்பது சும்மா இல்லை. எண்ணாகமம் 5இல் மோசேயின் நியாயப்பிரமாணம் கேட்பது, குற்றத்தை அறிக்கையிட்டு, முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுப்பது. ஒரு லட்சம் எடுத்தவன் ஒரு லட்சத்து இருபதாயிரம் கொடுத்தால் கணக்குச் சரி. சகேயு அந்த இடத்தில் நாலு லட்சம் கொடுக்க நிற்கிறான். இரக்கம் கிடைத்துவிட்டால் கடனைக் கொடுக்கிற அக்கறை குறைந்துபோகும் என்று உனக்கு ஒரு பயம் இருக்கிறது போல, உன் எழுத்தில் தெரிகிறது. சகேயுவைப் பார், அவனுக்குக் கை அகன்றது இரக்கம் கிடைத்தபிறகுதானே. நீ கொடுக்கிறதை நிறுத்தச் சொல்லவில்லை. கடைசிச் சதம் வரைக்கும் கொடு. அதைக் கோயிலுக்குள் வருகிற டிக்கெட்டாக வைத்துக்கொள்ளாதே என்றுதான் சொல்கிறேன்.

அந்தச் சீட்டுக் கொப்பியை இன்னும் தலைமாட்டில் வைத்திருக்கிறாய் என்று எழுதியிருந்தாய். நீலப் பேனையால் பெயர்கள், கொடுத்து முடித்தவர்களுக்குச் சிவப்புக் கோடு. கோடு விழாத பெயர்களைப் பார்த்துப் பார்த்து நித்திரை வராமல் கிடக்கிறாய். ஆண்டவரும் எங்களுக்கு அப்படி ஒரு கொப்பி வைத்திருந்தால் யார்தான் தப்புவது? 130ஆம் சங்கீதம் இதைத்தான் கேட்கிறது: நீர் அக்கிரமங்களைக் கவனித்திருப்பீரானால் யார் நிலைநிற்பான்? அடுத்த வசனமே, உம்மிடத்தில் மன்னிப்பு உண்டு என்கிறது. கொப்பியை வைத்திரு, அது சனங்களுக்கு நீ கொடுக்கவேண்டிய கணக்கு. ஆனால் இரவில் அதை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுப் படு.

இன்னொன்றும் எழுதியிருந்தாய், அதுதான் என்னைக் கனக்க யோசிக்க வைத்தது. 95 ஒக்டோபர் கடைசியில் போருக்குப் பயந்து யாழ்ப்பாணமே மழையோடு மழையாக நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோது ஆண்டவர் கூட இருக்கிறார் என்று நம்ப முடிந்தது, ஏனென்றால் அந்தத் துன்பம் மற்றவர்களால் வந்தது. இது நானே தேடிக்கொண்டது, இதில் எப்படி அவரைக் கூப்பிடுவது என்று கேட்டாய். நியாயமான கேள்வி. நேரே பதில் சொல்ல எனக்குத் தெரியாது, ஆனால் புலம்பல் புத்தகத்தைச் சொல்வேன். பாபிலோன் எருசலேமை எரித்தபிறகு எழுந்த அழுகை அது. அந்த நகரம் தன் அழிவுக்குப் பாபிலோனை மட்டும் குற்றம் சொல்லவில்லை. முதலாம் அதிகாரத்திலேயே, கர்த்தர் நீதிபரர், நான்தான் அவருடைய வாக்குக்கு விரோதமாய் எழும்பினேன் என்று ஒத்துக்கொள்கிறது. அவர் இரக்கங்களுக்கு முடிவில்லை, அவை காலைதோறும் புதியவை, உமது உண்மை பெரிது என்று நாங்கள் பாட்டாய்ப் படிக்கிற வசனம், தானே தேடிக்கொண்ட அந்த அழிவின் நடுவிலிருந்துதான் வருகிறது. ஐந்து அதிகாரத்தில் மூன்றாவதில் இருக்கிறது. அதோடு அழுகை நிற்கவுமில்லை. கடைசி அதிகாரம், எங்களை முற்றிலும் வெறுத்துவிட்டீரோ என்ற கேள்வியில் முடிகிறது. உன் மனம் இன்றைக்கு ஆறவில்லை என்பதால் இரக்கம் உன்னை விட்டுப் போய்விட்டது என்று எண்ணாதே. இரண்டும் ஒரே புத்தகத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

தீமோத்தேயுவுக்கு எழுதின இரண்டாம் நிருபத்தில், நாம் உண்மையில்லாதவர்களாயிருந்தாலும் அவர் உண்மையுள்ளவராயிருக்கிறார் என்று ஒரு இடம் உண்டு. அவர் தம்மைத்தாமே மறுதலிக்க முடியாது என்று காரணமும் சொல்கிறது. அதாவது, நீ எப்படிப்பட்டவள் என்பதில் அது தங்கியிருக்கவில்லை. நான் உனக்காகச் செபிக்கும்போதெல்லாம் இந்த வசனத்தில்தான் போய் நிற்கிறேன்.

லெந்து நோன்புக் காலம் தொடங்கிவிட்டது. உயிர்த்த ஞாயிறுக்கு இங்கே வா. முதல்நாளே ரயிலேறி வந்து எங்கள் வீட்டில் தங்கு. ஆராதனையில் நானும் அம்மாவும் உனக்கு இரண்டு பக்கமும் இருப்போம். சிலர் திரும்பிப் பார்ப்பார்கள், அதை இல்லையென்று சொல்லி உன்னைக் கூப்பிடமாட்டேன். இங்கே வர மனம் துணியவில்லையென்றால் வவுனியாவிலேயே ஒரு கோயிலுக்குப் போ. ஆனால் போ.

பிரஷர் குளிசையை விடாமல் போடு. இந்தக் கிழமை தெரிந்த ஒருவர் அந்தப் பக்கம் வருகிறார், ஒடியல் மாவும் பனங்கட்டியும் கொடுத்துவிடுகிறேன். அண்ணாவுக்கும் அண்ணிக்கும் எங்கள் அன்பு. வருகிறாயா என்று உடனே எழுது, அம்மா அறையை ஒதுக்கி வைக்கவேண்டுமாம்.

என்றும் அன்புடன்,
உன் சிநேகிதி