திமிங்கலம் பாடும்போது ஒலியைக் குறைக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

திமிங்கலங்களைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றைப் பொதுமக்களுக்குத் திரையிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போயிருந்தேன். நாற்காலி போதாமல் பாதிப் பேர் தரையில்தான் உட்கார்ந்தோம். எனக்கு முன்னால் ஆறேழு வயதுச் சிறுமி ஒருத்தி. ஆழத்துக்குப் போகும் நீலத் திமிங்கலத்தின் இதயம் நிமிடத்துக்கு இரண்டு தடவை மட்டும்கூடத் துடிக்கும் என்று படத்தில் சொன்னதும், அவள் தன் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தாள். "அம்மா, எனக்கு விடாம அடிக்குது" என்றாள். பக்கத்தில் இருந்த பெரியவர்கள் சிலரும் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துக்கொண்டார்கள். உடலில் ஒட்டிய ஒரு கருவியை வைத்து முதன்முதலாக அந்தத் துடிப்பை அளந்த விவரம் 2019இல்தான் வெளிவந்தது.

இப்படி ஊரே ஒன்றாக உட்கார்ந்து படம் பார்ப்பது அவரவர் கைபேசியில் பார்ப்பதற்கு ஈடாகாது. அதனால்தான் அடுத்து நடந்தது மனதை உறுத்துகிறது. கூன்முதுகுத் திமிங்கலம் பாடத் தொடங்கிய நேரம் பார்த்து ஒலியைக் குறைத்துவிட்டு, ஒலிவாங்கியில் அடுத்த நிகழ்ச்சியைப் பற்றி அறிவித்தார்கள். ஒரு நிமிடம்தானே என்று நினைத்திருப்பார்கள். திரும்ப ஒலி வந்தபோது படம் வேறு கடலுக்குப் போயிருந்தது.

போனது என்ன என்பதைச் சொல்ல வேண்டும். பாடுவது ஆண் திமிங்கலம். ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப மணிக்கணக்கில் பாடும். ஒரு கடல் பகுதியில் இருக்கும் ஆண்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே பாட்டைத்தான் பாடும். அந்தப் பாட்டும் காலப்போக்கில் மாறிக்கொண்டே வரும். இருபதாம் நூற்றாண்டில் மட்டும் சுமார் 29 லட்சம் திமிங்கலங்களை மனிதர்கள் கொன்றிருக்கிறார்கள். 1970இல் இந்தப் பாட்டு இசைத்தட்டாக வெளிவந்து வீடுவீடாகக் கேட்ட பிறகு, வேட்டைக்கு எதிரான குரல் பெரிதாக வலுத்தது. 1982இல் சர்வதேசத் திமிங்கல வேட்டை ஆணையம் வணிக வேட்டையை நிறுத்த முடிவெடுத்தது. அன்று மக்களை அசைத்த அந்தச் சத்தத்தைத்தான் நாங்கள் கேட்காமல் வந்தோம்.

சரி, இன்னொன்றும் இருக்கிறது. கடலில் இன்று திமிங்கலங்களுக்குத் தொல்லை கப்பல் இரைச்சல். அவை பேசிக்கொள்ளும் அதே தாழ்ந்த சுருதியில்தான் கப்பல்களும் இரைகின்றன. 2001 செப்டம்பரில் அமெரிக்காவில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு, கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் கப்பல் போக்குவரத்து குறைந்தது; இரைச்சலும் தணிந்தது. அங்கிருந்த 'ரைட்' என்ற வகைத் திமிங்கலங்களின் சாணத்தைச் சோதித்தபோது, மன அழுத்தத்தைக் காட்டும் ஹார்மோன்களும் குறைந்திருந்தன. அந்த உயிர்களைப் பற்றிய படத்திலேயே நாம் குறுக்கே பேசலாமா?

திரையிடுபவர்களிடம் கேட்பது அதிகமில்லை. அறிவிப்புகளைப் படத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். படம் முடிந்ததும் உடனே விளக்கைப் போடாமல் கொஞ்ச நேரம் விடுங்கள். அப்புறம், நல்ல ஒலிபெருக்கி வையுங்கள். சின்னப் பெட்டியில் அடித்தொனி வரவே வராது. என்னிடம் பெரிய பெட்டி ஒன்று இருக்கிறது. அடுத்த தடவை அதைக் கொண்டுவந்து தருகிறேன், பாட்டை மட்டும் முழுசாக ஓட விடுங்கள் என்று அமைப்பாளர்களிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்