செயலாளரின் ஆண்டறிக்கை – 2024

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, சுழியோடி உறவுகளே, வணக்கம்.

கூட்டங்கள் மாதந்தோறும் நடந்தன. சந்தா விபரம் பொருளாளரின் அறிக்கையில் வரும். நான் விரிவாகச் சொல்ல வேண்டியது ஒரு விடயம்தான்.

ஓகஸ்டில் நம் உறுப்பினர் ஒருவர் ஒரே காலையில் இரண்டு தடவை இறங்கினார். இரண்டாவது 28 மீற்றர். காற்றுக் குறைந்துவிட்டதால், 5 மீற்றரில் 3 நிமிடம் தரிக்காமலே மேலே வந்தார். பின்னேரம் வலது தோளில் வலி. சிலிண்டர் தூக்கிய உளைவு என்று எண்ணித் தைலம் பூசிக்கொண்டு படுத்துவிட்டார். இரவு விரல்கள் விறைத்துத் தேநீர்க் கோப்பை கைநழுவிய பிறகுதான் அவர் மனைவி எனக்கு அழைப்பெடுத்தார். ஒக்சிசன் முகமூடியோடே காற்றமுக்கத்தைக் கூட்டிச் சிகிச்சை தரும் அமுக்க அறை உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். சுகமாகி, இன்று முன்வரிசையில் இருக்கிறார். அவர் சம்மதத்தோடுதான் சொல்கிறேன்.

28 மீற்றரில் நாம் சுவாசிக்கும் காற்றின் அமுக்கம் கரையில் இருப்பதைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. அந்த அமுக்கத்தில் நைதரசன் இரத்தத்திலும் தசையிலும் கரைந்து சேரும். மெல்ல ஏறினால் மூச்சோடு வெளியேறும். அவசரப்பட்டால் உள்ளேயே குமிழாகும். மூட்டில் என்றால் வலி, முள்ளந்தண்டில் என்றால் கால் விழுந்துவிடும். கடலட்டைக்காக நாளுக்குப் பல தடவை இறங்கி அப்படிக் கால் விழுந்தவர்கள் நம் கரைகளில் இருக்கிறார்கள். வலி வந்தால் மறுபடி இறங்கு, சரியாகும் என்பார்கள். குமிழ் சுருங்குவதால் அப்போதைக்கு வலி குறையலாம். ஆனால் இன்னும் நைதரசன் ஏறும், தண்ணீருக்குள்ளேயே நினைவும் தப்பலாம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

செயற்குழு முடிவுகள்: நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேல் வேகமாக ஏறுவதில்லை. காற்று போதாதென்றால் நேரத்தோடு திரும்புவது. 1942 ஏப்ரல் 9இல் நம் கடலில் மூழ்கிய பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ் 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. பொழுதுபோக்குச் சுழியோடலின் எல்லை 40. எவ்வளவு ஆசையிருந்தாலும் சங்கப் படகு அங்கே போகாது. பல தடவை இறங்கியவர் 18 மணித்தியாலமாவது விமானம் ஏறக்கூடாது. அதே நாளில் நுவரெலியாவுக்குப் புறப்படுவதும் கூடாது. மலையேறினாலும் வெளியமுக்கம் குறைகிறது, இதைப் பலர் யோசிப்பதே இல்லை. முக்கியமாக, எந்த வலியானாலும் உடனே சொல்லுங்கள். அதில் வெட்கம் வேண்டாம்.

அன்றிரவு மருத்துவமனை வாசலை அடைந்தபோது நம் ஒக்சிசன் சிலிண்டரின் முள் சிவப்புக்கு வந்திருந்தது. இரண்டாவது சிலிண்டர் வாங்கச் சபையின் அனுமதியைக் கோருகிறேன்.

செயலாளர்,
மட்டக்களப்பு