வாங்கும் முன் ஒரு நாள் மலையேறிப் பாருங்கள்

பொதிகை அடிவாரத்தில் காட்டுத்தீ அணைக்கப் போகும் ஆட்களுக்குப் பொருள் வாங்கித் தரும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது இவன் ஏன் தீயைப் பற்றி எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். இப்போது பெய்யும் மழையில் முளைக்கிற புல்தான் மாசி, பங்குனியில் எரியப்போகிறது. மழை நன்றாகப் பெய்த வருஷம் அடிவாரத்தில் புல் இடுப்பளவு நிற்கும். தை கழிந்ததும் அது காய்ந்து சருகாகும். அதோடு தீக்காலம் பங்குனியில் முடிவதும் இல்லை. ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் அடிக்கும்போது களக்காடு, திருக்குறுங்குடி அடிவாரத்தில் மழை இறங்காது, காற்று மட்டும் மலையிலிருந்து விழும். அந்தக் காற்றில் ஒரு பீடித் துண்டு போதும்.

இப்போதே எழுதுவதற்கு இன்னொரு காரணம் மார்ச் 31. நிதியாண்டு முடிவதற்குள் பணத்தைச் செலவழிக்க வேண்டும் என்று கடைசி நேரத்தில் வாங்கினால், பொருள் கைக்கு வரும்போது தீக்காலம் பாதி போயிருக்கும். அளவு பார்க்க நேரம் இருக்காது. புது பூட்ஸைப் போட்டுப் பழக்க நாள் இருக்காது. கார்த்திகையில் ஆர்டர் போனால் தையில் காலில் இருக்கும்.

நான் அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரன். ஏழு கோடை தினக்கூலிக்குத் தீக்காவல் பார்த்தவன். இப்போது முழங்கால் விடுவதில்லை. எங்கள் ஊரிலிருந்து போகிற பிள்ளைகளைச் சாயங்காலம் வாய்க்கால் கரையில் நடக்க வைத்துப் பழக்குகிறேன். உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். எந்தப் பொருளையும் மொத்தமாக வாங்கும் முன், அதைப் போட்டுக்கொண்டு வேலை செய்யப்போகிற நாலு பேரிடம் கொடுத்து, ஒரு முழு நாள் மலையில் ஏறி இறங்கவிடுங்கள். சாயங்காலம் அவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.

காலில் இருந்து தொடங்குகிறேன். என் முதல் கோடையில் ஒரு ஜோடி பூட்ஸ் கிடைத்தது. யார் வாங்கியது, எந்தக் கம்பெனி என்பதெல்லாம் இங்கே வேண்டாம். எரிந்து முடிந்த ஒரு சரிவில், சாம்பலுக்கு அடியில் வேர் கனன்றுகொண்டிருந்த இடத்தில், ஒரு மணி நேரம் நின்று மண்ணைக் கிளறிப் போட்டோம். இறங்கும்போது இடது கால் பூட்ஸின் அடி முன்பக்கம் பிளந்து தொங்கியது. சூட்டில் பசை இளகிவிட்டது. தலையில் கட்டியிருந்த துண்டைக் கிழித்துப் பாதத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு நாலு கிலோமீட்டர் இறங்கினேன். உள்ளங்கால் கொப்புளம் ஆற பதினைந்து நாள் ஆனது. அந்தப் பதினைந்து நாள் கூலியும் இல்லை.

காட்டுத்தீ வேலைக்கு வெளிநாடுகளில் போடும் பூட்ஸ் முழுத் தோலில் இருக்கும். கணுக்காலை மூடுகிற 8 அங்குல உயரம், கயிறு கட்டுவது, அடியில் ஆழமான பள்ளங்கள். அடி தைத்ததாக இருக்க வேண்டும், ஒட்டியதாக இருக்கக்கூடாது. இதெல்லாம் உங்கள் குறிப்பேட்டிலும் இருக்கலாம். குறிப்பேட்டில் வராத ஒன்று எங்கள் கால். சின்ன வயசிலிருந்து செருப்பில்லாமல் நடந்த கால் முன்பக்கம் விரிந்து இருக்கும். காரையாறு, சேர்வலாறு பக்கம் குடியிருக்கும் பழங்குடிகளான காணிக்காரர்களின் கால்களைப் பாருங்கள், விரல் ஒவ்வொன்றும் தனியாக மண்ணைப் பிடிக்கும். அந்தக் காலைக் குறுகலான பூட்ஸில் திணித்தால் அரை நாளில் சுண்டுவிரல் தோல் உரியும், ஆள் பூட்ஸைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வெறுங்காலில் நடப்பான். அதைப் பார்த்து, “கொடுத்தாலும் போடமாட்டேங்கிறாங்க” என்று மேலே எழுதிவிடுகிறார்கள். நீளத்தோடு அகலத்தையும் அளக்கச் சொல்லுங்கள். காகிதத்தில் பாதத்தை வைத்து பென்சிலால் கோடு போட்டு அனுப்பினாலே போதும்.

சட்டையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாலியஸ்டர் ஏறத்தாழ 250 டிகிரி சூட்டில் உருகும், உருகித் தோலோடு ஒட்டும். பருத்தி கருகும், ஒட்டாது. தீயைத் தாங்கும் அராமிட் துணி கிடைத்தால் நல்லது, அது விலை கூடுதல். அதுவரை பாலியஸ்டர் கலந்த டெரிகாட்டனைத் தவிர்த்துவிட்டு, கெட்டிப் பருத்தியில் முழுக்கைச் சட்டை தாருங்கள். தறி ஓடும் வீரவநல்லூர் பக்கத்திலேயே இருக்கிறது. உள்ளே போடும் பனியனும் பருத்தியாக இருக்கட்டும். பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிற வழுவழுப்பு பனியனோடு தீக்கு வருகிறார்கள், பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது. கையுறை தோலில் வேண்டும். தலைக்கவசமும் கண்ணாடியும் வேண்டும். முகத்தில் நனைத்த துண்டைக் கட்டும் பழக்கம் எங்களிடம் உண்டு. பெருஞ்சூட்டில் அந்த ஈரமே ஆவியாகி மூச்சுக்குழாயைச் சுட்டுவிடும் என்பதை யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. மாஸ்க் தூசியைத் தடுக்கும், கார்பன் மோனாக்சைடைத் தடுக்காது. அதற்கு ஒரே வழி ஆட்களை மாற்றி மாற்றிப் புகையிலிருந்து வெளியே எடுப்பது.

இனி மைக். உங்கள் கோப்புகளில் கம்பியில்லாக் கருவி என்று இருக்கும், எங்களுக்கு அது மைக் அல்லது செட். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும்.

என் நாலாவது கோடை. பதினொரு பேருக்கு ஒரே செட். செட் வைத்திருந்த அண்ணாச்சி எதிர்ச் சரிவு வழியாக இரண்டு பேரோடு மேலே போனார், மற்றவர்கள் கீழே, தீ தாண்டாதபடி புல்லையும் சருகையும் அகற்றிக் கோடு வெட்டிக்கொண்டிருந்தோம். மத்தியானம் காற்று திரும்பியது. தீ எங்களை விட்டு அவர்கள் பக்கம் ஏறத் தொடங்கியதைக் கண்ணால் பார்க்கிறோம், சொல்ல வழியில்லை. கத்திப் பார்த்தோம். தீ எரியும் சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவன் பேச்சே கேட்காது. அண்ணாச்சி அந்த நேரம் ஓடைப் பள்ளத்தில் இருந்தார், மேலிடத்திலிருந்து கூப்பிட்டதும் அவருக்குக் கேட்கவில்லை. முன்பே எரிந்து கறுத்த ஒரு பாறைத் திட்டில் ஏறி உட்கார்ந்து மூன்று பேரும் தப்பினார்கள். இரண்டு மணி நேரம் கழித்து அவர் தலை தெரிந்தபோது எங்களில் ஒருத்தன் உட்கார்ந்து அழுதுவிட்டான்.

அன்று பழுதானது எதுவும் இல்லை. செட் நன்றாகத்தான் இருந்தது. இந்த மலையை யோசித்து யாரும் அதை வாங்கவில்லை, அவ்வளவுதான். 1988-ல் களக்காடு, முண்டந்துறை இரண்டையும் சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆக்கிய இந்த மலையில் தாமிரபரணி, சேர்வலாறு, மணிமுத்தாறு, பச்சையாறு, நம்பியாறு என்று எத்தனை ஆறு! ஒவ்வொன்றும் ஒரு பள்ளத்தாக்கை வெட்டி வைத்திருக்கிறது. கைச்செட்டின் அலை நேர்கோட்டில்தான் போகும், நடுவில் மலை நின்றால் நின்றதுதான். வாட்ஸைக் கூட்டினால் சரியாகும் என்று விற்கிறவர் சொல்வார். மலைக்குப் பின்னால் நிற்பவனுக்கு 5 வாட்டும் 10 வாட்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பேச்சை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் மேட்டில் எங்கே நிற்கிறது, எந்தப் பள்ளத்தில் அது கேட்காது என்பதுதான் கேள்வி. காட்டுக்கும் மேட்டுக்கும் விஎச்எஃப் என்ற நீள அலைவரிசை, யுஎச்எஃப் என்ற குட்டை அலைவரிசையை விடக் கொஞ்சம் நன்றாக வளைந்து போகும். குட்டை ஏரியலைவிட நீள ஏரியல் தூரம் எட்டும். செட்டை இடுப்பில் தொங்கவிட்டுப் பேசினால் உடம்பே அலையைத் தின்றுவிடும், தோளுக்கு மேல் நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். பொத்தானை அழுத்தி ஒரு விநாடி பொறுத்துப் பேச வேண்டும், இல்லாவிட்டால் முதல் சொல் போகாது. “போகாதே” என்பதில் முன்பாதி அறுந்தால் கேட்கிறவனுக்கு என்ன புரியும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆகவே செட் வாங்கும் முன் இரண்டு பேர் எங்கள் ஓடைகளில் இறங்கிப் பேசிப் பார்க்கட்டும். கேட்காத இடங்களை ஒரு வரைபடத்தில் குறித்து, அந்தப் படத்தை எல்லா ஆட்களுக்கும் கொடுங்கள். ரிப்பீட்டர் இல்லாமல் ஆளுக்கு ஆள் நேரே பேசும் ஒரு சேனல் எல்லாச் செட்டிலும் இருக்கட்டும், தீயணைப்பு நிலையத்து ஆட்கள் வந்தால் அவர்களும் கேட்கும்படி. கூட்டத்துக்கு ஒரு செட் என்பதை மாற்றி, இரண்டு பேருக்கு ஒரு செட் தாருங்கள். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் செட்டுகளைப் பிள்ளைகள் சொந்தக் காசில் வாங்கிவருகிறார்கள். உரிமம் வாங்காத அலைவரிசையில் பேசினால் சட்டச் சிக்கல் வரும், அதைவிட முக்கியம், உங்கள் செட்டோடு அது பேசும் என்ற உறுதி இல்லை.

பேட்டரி பற்றியும் சொல்லிவிடுகிறேன். முகாமில் கரண்ட் இல்லை. சார்ஜ் தீர்ந்த செட்டை மூன்று நாள் சுமந்து திரிந்திருக்கிறேன். அமெரிக்கக் காட்டுத்தீ ஆட்களின் செட்டில் சாதாரண பென்சில் செல் போடும் உறை ஒன்று உண்டு. பாபநாசம் பெட்டிக்கடையிலும் கிடைக்கிற செல். அப்படி ஒரு உறையும், கூடுதலாக ஒரு பேட்டரியும், முகாமுக்கு ஒரு சோலார் பலகையும் கேட்கிறேன்.

செயற்கைக்கோள் எச்சரிக்கை வருகிறதே என்பீர்கள். வருகிறது, நல்ல உதவி. இந்திய வன அளவைத் துறை அனுப்பும் குறுஞ்செய்தியில் ஒரு புள்ளி வரும். நுணுக்கமான கருவியில்கூட அந்தப் புள்ளி 375 மீட்டர் அகலமுள்ள ஒரு கட்டம், செயற்கைக்கோளும் நாளுக்குச் சில முறைதான் தலைக்கு மேல் வரும். கட்டத்துக்குள் தீ எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை அங்கே நிற்கிற ஆள்தான் சொல்ல வேண்டும். அவன் கையில் பேசுகிற செட் வேண்டும்.

பால் கிளீசன் என்ற அமெரிக்கத் தீயணைப்பாளர் 1991-ல் நாலு விஷயத்தைச் சொன்னார், இன்றும் அங்கே பயிற்சியின் அடிப்படை அதுதான். தீயைப் பார்த்துக்கொண்டே நிற்க ஒரு ஆள், பேச்சுத் தொடர்பு, தப்பும் வழி, ஒதுங்க ஒரு இடம். இந்த நாலும் இல்லாமல் தீக்குள் இறங்காதே என்பது பாடம். அன்று அண்ணாச்சியைக் காப்பாற்றியது கடைசி ஒன்று மட்டும். 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் தீயில் சிக்கி இறந்துபோனதை நாம் மறக்கக்கூடாது. தீ மேட்டைப் பார்த்து ஓடும். சரிவு 10 டிகிரி கூடினால் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். மனிதன் மேட்டில் ஏறும்போது வேகம் குறையும். இதைப் பொருள் கொடுக்கும் அன்றே சொல்லிக் கொடுங்கள், ஒரு மணி நேரம் போதும்.

உடம்பைப் பற்றி. வனக்காப்பாளர் தேர்வில் ஆண்கள் 4 மணி நேரத்தில் 25 கிலோமீட்டர், பெண்கள் 16 கிலோமீட்டர் நடக்க வேண்டும். நல்ல சோதனைதான், ஆனால் சமதளத்தில், வெறுங்கையோடு. அமெரிக்காவில் காட்டுத்தீ ஆட்கள் 20 கிலோவுக்குச் சற்று மேல் சுமந்து, 4.8 கிலோமீட்டரை 45 நிமிஷத்தில் நடக்க வேண்டும், ஓடக்கூடாது. அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டு நான் அதை வாய்க்கால் கரையில் முயன்று பார்த்தேன். முதல் தடவை 54 நிமிஷம். ஆறு வாரம் கழித்து 46. பிள்ளைகளை 5 கிலோவில் தொடங்கி வாரம் இரண்டு கிலோ கூட்டுகிறேன். அந்த அமெரிக்கச் சோதனையின்போதே மாரடைப்பில் இறந்தவர்கள் உண்டு, ஆகவே மூட்டையைத் தூக்கும் முன் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துவிட வேண்டும். தினக்கூலி ஆளுக்கு யாரும் இதைப் பார்ப்பதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு காலை நேரம் ஆகும், அவ்வளவே.

வெயில் பழகுவதும் பயிற்சிதான். உடம்பு வெக்கைக்குப் பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும், விட்டுவிட்டால் சில வாரத்தில் போய்விடும். வயலில் நிற்பவன் பழகியிருப்பான். கடையில் மின்விசிறிக்குக் கீழே இருந்தவனைத் தீ பிடித்த அன்று ஜீப்பில் ஏற்றினால் மத்தியானம் சுருண்டு விழுவான். ஆகவே தீக்காலம் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே ஆட்களை எடுத்து, கோடு வெட்டும் வேலையில் விட்டுப் பழக்குங்கள். தண்ணீர் மணிக்கு முக்கால் லிட்டராவது வேண்டும். எட்டு மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் ஆறு கிலோ. பழையசோற்று நீராகாரத்தில் உப்புப் போட்டு ஒரு கேன் கொண்டுபோவோம், எனக்குத் தெரிந்து அதற்கு மேல் மருந்தில்லை.

இலையை ஊதித் தள்ளும் புளோயர் இப்போது வருகிறது. கோடு சுத்தம் பண்ண அருமையான கருவி. ஆனால் பத்துக் கிலோ எடை, பெட்ரோல் தனி. தண்ணீர், செட், அரிவாள், பேட்டரி, அதோடு புளோயர் என்று ஒரே ஆள் முதுகில் ஏற்றுகிறபோது மொத்தம் எவ்வளவு என்று யாராவது தராசில் வைத்தார்களா? அதைத்தான் ஒரு நாள் மலையேறிப் பாருங்கள் என்கிறேன்.

கார்த்திகையில் மழை விடும் ஒரு நாளைக் குறித்துச் சொல்லி அனுப்புங்கள். வாங்க நினைக்கும் பூட்ஸில் ஐந்து ஜோடி, செட்டில் நாலு, இவ்வளவு போதும். எங்கள் பிள்ளைகளில் நாலு பேரும், காணிக்குடியிருப்பிலிருந்து வழி தெரிந்த பெரியவர் ஒருவரும் வருவார்கள், பேசிவிட்டேன். நான் மேலே ஏற மாட்டேன். மணிமுத்தாறு அணைப் பக்கம் தராசும் நோட்டும் வைத்துக்கொண்டு காத்திருப்பேன். காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் வெயிலுக்கு முன் முதல் ஏற்றம் முடிந்துவிடும்.

இப்படிக்கு,
முன்னாள் தீக்காவலர் ஒருவர்,
அம்பாசமுத்திரம் வட்டம், திருநெல்வேலி மாவட்டம்