மாட்டிச்சின் சட்டையில் இல்லாத மலர்: பிரீமியர் லீக்குக்கு ஒரு திறந்த மடல்

இங்கிலாந்து பிரீமியர் லீக் நிர்வாகத்துக்கும், அதில் ஆடும் இருபது கழகங்களின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

ஒவ்வொரு நவம்பரிலும் உங்கள் கழகங்களின் சட்டைகளில் சிவப்புப் பாப்பி மலர் ஏறுகிறது. உலகப்போர்களிலும் அவற்றுக்குப் பிந்திய போர்களிலும் பிரித்தானியாவுக்காக உயிர்விட்டவர்களின் நினைவு அது. அந்த உலகப்போர்களுக்கு இந்தியத் துணைக்கண்டத்திலிருந்தும் இலட்சக்கணக்கானவர்கள் அனுப்பப்பட்டார்கள். திரும்பி வராதவர்கள் பலர். ஆகவே அந்த மலரை எதிர்த்து எழுதப்பட்ட மடலாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். அதை அணிய மனம் ஒப்பாத ஒரு வீரர், ஏன் ஒப்பவில்லை என்று ஊருலகத்துக்கே விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறதே, அந்த நிலையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

2018 நவம்பரில் அப்படி விளக்கம் சொல்ல நேர்ந்தவர், அப்போது மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு ஆடிய செர்பிய மத்தியகள வீரர் நெமன்யா மாட்டிச். அவரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆனாலும் அவர் உங்களிடம் வந்துசேர்ந்த வழியை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். ஆரவாரம் தேடி அலையும் மனிதர் அவர் அல்லர் என்பதற்கு அந்த வழியே சாட்சி.

1988 ஆகஸ்டில் பிறந்த அவர், செர்பியாவின் ஊப் நகருக்கு அருகிலுள்ள விரெலோ என்ற சிற்றூரில் வளர்ந்தார். கொலுபாரா என்ற சிறிய கழகத்தில் தொடங்கினார். தலைநகர் பெல்கிரேடின் பெரிய கழகங்கள் எதன் முதல் அணியிலும் அவர் ஆடியதில்லை. 2007இல் சுலோவாக்கியாவின் கோஷித்சே கழகத்துக்குப் போனார். 2009இல் செல்சி அவரை ஏறத்தாழ 15 இலட்சம் பவுண்டுக்கு வாங்கியது. அந்தப் பருவத்தில் அவருக்குக் கிடைத்தவை இரண்டே இரண்டு லீக் ஆட்டங்கள். பிறகு நெதர்லாந்தின் வீட்டெஸ் கழகத்துக்கு இரவல். 2011 ஜனவரியில் போர்த்துக்கல்லின் லிஸ்பன் நகரக் கழகமான பென்ஃபிகாவிடமிருந்து டாவிட் லூயிஸை வாங்கிய செல்சி, விலையின் ஒரு பங்காக மாட்டிச்சையும் கொடுத்தது. சில்லறை போதாதபோது கடைக்காரர் கையில் வைக்கும் மிட்டாயைப் போல அவரும் அந்த வியாபாரத்தில் சேர்க்கப்பட்டார்.

லிஸ்பனில்தான் அவர் யார் என்று தெரியவந்தது. அதுவரை முன்னேறி ஆடிப் பழகியவரைப் பயிற்சியாளர் ஜோர்ஜ் ஜெசுஸ் தற்காப்பு வரிசைக்கு முன்னால் நிறுத்தினார். ஆறடிக்கு மேல் உயரம், இடது கால் ஆட்டக்காரர். எதிரணி வீரர் தாண்டிவிட்டோம் என்று நினைத்து அடுத்த அடியை எடுத்து வைக்கும் வேளையில், அந்த நீண்ட கால் பக்கத்திலிருந்து வந்து பந்தை மட்டும் கொத்திக்கொண்டு போகும். அதற்குப் பிறகு அவரிடம் அவசரம் இருக்காது. தலையை ஒருமுறை நிமிர்த்துவார். பந்து பத்து யார் தள்ளி நிற்கும் தோழரிடம் போய்விடும். தொலைக்காட்சிக் கமராவும் பந்தோடு போய்விடும். அவர் தன் இடத்துக்குத் திரும்பி நடப்பதை யாரும் காட்டுவதில்லை. உதைபந்தாட்டத்தில் எனக்கு மிகப் பிடித்த வேலை இதுதான் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். கோல் அடிப்பவர்களைக் கொண்டாட ஊரே இருக்கிறது.

கோலும் அவருக்கு வராமலில்லை. 2013 ஜனவரியில் போர்ட்டோவுக்கு எதிராக, பந்து நிலத்தைத் தொடுமுன் அவர் அடித்த அடி, ஆண்டின் சிறந்த கோலுக்கான புஷ்காஷ் விருதில் அவ்வாண்டு இரண்டாமிடம் பெற்றது. அதே ஆண்டு மே மாதம் ஆம்ஸ்டர்டாமில் யூரோப்பா லீக் இறுதியாட்டம். பென்ஃபிகாவை எதிர்த்து நின்றது, அவரைக் கைவிட்ட செல்சி. மேலதிக நிமிடங்களில் தலையால் முட்டி செல்சியை வெல்லவைத்தவர் பிரானிஸ்லாவ் இவானோவிச், இன்னொரு செர்பியர். எட்டு மாதம் கழித்து அதே செல்சி, தான் கொடுத்தனுப்பியவரை 2 கோடியே 10 இலட்சம் பவுண்ட் கொடுத்துத் திரும்ப வாங்கியது. 2015இலும் 2017இலும் செல்சி உங்கள் லீக்கை வென்றபோது நடுக்களத்தில் அவர் நின்றார்.

2015 பெப்ரவரியில் பர்ன்லிக்கு எதிரான ஆட்டம் உங்களுக்கு நினைவிருக்கலாம். ஆஷ்லி பார்ன்ஸின் பூட்ஸ் ஆணிகள் மாட்டிச்சின் முழந்தாளுக்குக் கீழே இறங்கின. அந்தக் கால் வளைந்த விதத்தை மெதுவோட்டத்தில் பார்த்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எழுந்து ஓடிப்போய் அவர் பார்ன்ஸைத் தள்ளினார்; சிவப்பு அட்டை கிடைத்தது. மூன்று ஆட்டத் தடை முறையீட்டுக்குப் பின் இரண்டாகக் குறைக்கப்பட்டது. லீக் கிண்ண இறுதியாட்டம் அவருக்கு இல்லாமற்போனது. காலில் மிதித்தவருக்குத் தண்டனை எதுவும் வரவில்லை. அடியைப் பார்க்காமல், அடிபட்டவர் போட்ட சத்தத்தை மட்டும் கணக்கில் எடுப்பது அன்றும் நடந்தது.

2017இல் 4 கோடி பவுண்டுக்கு அவர் மான்செஸ்டர் யுனைடெட் போனார். அடுத்த ஆண்டு நவம்பர் 3, போர்ண்மத் மைதானம். யுனைடெட் வீரர்களில் அவருடைய சட்டையில் மட்டும் மலர் இல்லை. இரண்டே நாளில் அவர் தன் சமூக ஊடகப் பக்கத்தில் விளக்கம் எழுத வேண்டியதாயிற்று. மலர் அணிபவர்களின் உணர்வைத் தான் மதிப்பதாகவும், முன்பு தானும் அணிந்ததாகவும், யோசித்துப் பார்த்தபின் அது தனக்குச் சரியாகப் படவில்லை என்றும் எழுதினார். 1999இல் தன் நாட்டின் மீது குண்டுகள் விழுந்தபோது விரெலோவில் தான் பயந்துபோன ஒரு சிறுவன் என்றும் எழுதினார்.

1999 மார்ச் 24 முதல் ஜூன் 10 வரை, 78 நாள் நேட்டோ விமானங்கள், செர்பியா அப்போது அங்கமாயிருந்த யூகோஸ்லாவியா மீது குண்டுவீசின. பிரித்தானிய விமானங்களும் அவற்றில் இருந்தன. அப்போது மாட்டிச்சுக்குப் பதினொரு வயது நிறையவில்லை.

எனக்கு இது தூரத்துச் செய்தி அன்று. நான் வன்னியில் பிறந்தவன். இலங்கை விமானப்படையின் கிபிர் குண்டுவீச்சு விமானத்தின் இரைச்சல் காதில் விழும்போது விமானம் தலைக்கு மேல் தாண்டியிருக்கும். பங்கருக்குள் அம்மா என் பிடரியைப் பிடித்து நிலத்தோடு அழுத்துவார். காதைப் பொத்து, வாயைத் திறந்து வை என்று கத்துவார். வாய் மூடியிருந்தால் அதிர்ச்சியில் செவிப்பறை கிழிந்துவிடும் என்று எல்லாருக்கும் சொல்லப்பட்டிருந்தது. மண் உதிர்ந்து திறந்த வாய்க்குள் விழும். இன்று லண்டனில் வேலைக்குப் போய்வருகிறேன். தாழப் பறக்கும் விமானம் எதுவானாலும் கை காதுக்குப் போகிறது. அந்த விமானங்களை அனுப்பிய படையின் நினைவுச் சின்னத்தை நெஞ்சில் குத்திக்கொண்டு வா என்று யாராவது கேட்டால் நான் மறுப்பேன். ஏன் மறுக்கிறாய் என்று கேட்டால், மேலே எழுதிய அத்தனையையும் முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்லியாக வேண்டுமா? இங்கே எழுதுவது நானாக விரும்பி எழுதுவது. மாட்டிச்சுக்கு அந்த விருப்பம் விடப்படவில்லை.

நேட்டோ தன் குண்டுவீச்சுக்குக் காரணமாகச் சொன்ன, கொசோவோ அல்பேனியர்கள் மீது யூகோஸ்லாவிய அதிபர் மிலோசெவிச்சின் படைகள் நடத்திய கொடுமைகளை மறைத்துவிட்டு இந்த மடலை எழுத முடியாது. இலட்சக்கணக்கானவர்கள் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டார்கள். அதே 2018இன் ஜூன் மாதம், ரஷ்ய உலகக் கிண்ணத்தில் செர்பியாவும் சுவிட்சர்லாந்தும் மோதின. செர்பிய நடுக்களத்தில் மாட்டிச். எதிரே, கொசோவோவிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளான கிரானிட் ஜாக்காவும் ஷெர்தான் ஷாச்சிரியும். இருவரும் கோல் அடித்தார்கள், கைகளைக் கோத்து அல்பேனியக் கொடியின் கழுகைக் காட்டினார்கள், அபராதம் கட்டினார்கள். அடுத்த பருவத்தில் ஜாக்கா ஆர்சனலில், ஷாச்சிரி லிவர்பூலில், மாட்டிச் யுனைடெட்டில். மூவரும் உங்கள் லீக்கில். ஒரே போரின் இரு கரைகளில் சிறுபிள்ளையாக இருந்தவர்கள் ஒரே வார இறுதியில் உங்களுக்காக ஆடினார்கள். நான் கேட்கும் விதி மாட்டிச் என்ற செர்பியருக்காக மட்டுமானால் அது நியாயமாகாது. நாளை ஒரு கொசோவோக்காரர், ஓர் ஈராக்கியர், ஓர் ஐரிஷ்காரர் எந்தச் சின்னத்தை மறுத்தாலும் அவருக்கும் அது பொருந்த வேண்டும்.

ஐரிஷ்காரர் என்றதும், மலரை அணிய மறுத்த ஆட்டக்காரர் ஜேம்ஸ் மெக்ளீன் உங்கள் நினைவுக்கு வந்திருப்பார். 1972 ஜனவரி 30 அன்று, உரிமை கேட்டு ஊர்வலம் போன மக்களைப் பிரித்தானியப் படையினர் சுட்ட, வட அயர்லாந்தின் டெர்ரி நகரத்தவர் அவர். 2014இல் தான் ஆடிய விகன் கழகத்தின் உரிமையாளருக்குக் கடிதம் எழுதித் தன் காரணத்தை மரியாதையோடு சொன்னார். அதன் பின்னும் ஆண்டுதோறும் வசை வாங்கினார். விளக்கம் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கை பொய் என்பதை அவரிடம் கேட்டே தெரிந்துகொள்ளலாம்.

மலர் அணியுமாறு யாரையும் நாங்கள் கட்டாயப்படுத்துவதில்லை என்று நீங்கள் பதில் சொல்லலாம். உண்மைதான். ஆனால் எல்லாச் சட்டையிலும் மலரைப் பதித்து வைத்துவிட்டு, வேண்டாம் என்பவர் தனியாக வந்து சொல்லட்டும் என்று விடும்போது, அவர் ஒருவரை நோக்கி இருபத்தைந்து கமராக்கள் திரும்பும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் கணத்தில் கழகம் பின்னால் நகர்ந்து, இது வீரரின் சொந்த முடிவு என்று சொல்லிவிட்டு ஒதுங்கிவிடுகிறது. பத்திரிகையாளர் மாநாட்டுக்கு ஆள் அனுப்புவதும், ஒரு வரி அறிக்கைக்கு மூன்று வழக்கறிஞரைக் கேட்பதும் உங்களுக்குப் புதிதன்று. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வீரர் தன் கைபேசியை எடுத்துத் தானே எழுத வேண்டியிருக்கிறது.

ஆகவே நான் கேட்பது இது. ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபர் முடிவதற்குள் லீக் தன் பெயரில் ஓர் அறிவிப்பு வெளியிடட்டும்: மலர் அணிவதும் அணியாததும் வீரரின் விருப்பம், காரணம் கேட்கப்படாது. சட்டைகளைத் தயார்செய்யும் அறையில் ஒவ்வொரு வீரருக்கும் இரண்டு வகைச் சட்டையும் இருக்கட்டும். எவர் எதை எடுத்தார் என்று பட்டியல் வைக்க வேண்டாம். பத்திரிகைகள் கேட்டால் கழகத்தின் பேச்சாளர் பதில் சொல்லட்டும். அந்த வீரருக்கு மிரட்டல் வந்தால், நிறவெறி வசைக்கு எதிராக நீங்கள் எடுக்கும் அதே நடவடிக்கையை, அதே வேகத்தில் எடுங்கள்.

மாட்டிச் 2022இல் இங்கிலாந்தை விட்டு இத்தாலியின் ரோமா கழகத்துக்குப் போய்விட்டார். அவருக்கு இனி இதனால் பயன் எதுவும் இல்லை. ஆனால் சிரியாவிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் சூடானிலிருந்தும் வந்த பிள்ளைகள் இன்று உங்கள் நாட்டின் பூங்காக்களில் பந்தை உதைத்துக்கொண்டிருக்கிறார்கள்; எங்கள் பிள்ளைகளும்தான். அவர்களில் ஒருவராவது உங்கள் கழகச் சட்டையைப் போடும் நாள் வரும். வரும் நவம்பருக்கு முன் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
வன்னியில் பிறந்து லண்டனில் வாழும் ஓர் உதைபந்தாட்ட ரசிகன்