ஆட்-ஆனை வெளியிடும் முன்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. வளைவு நெடுக வேலியும் படிக்கட்டும் அடுக்கும் உன் ஆட்-ஆன் (முப்பரிமாண உருவங்கள் செய்யும் பிளெண்டர் மென்பொருளுக்கான கூடுதல் நிரல்) ஒருவழியாக ஓடுகிறது என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. "நிரலை அப்படியே கிட்டில் (நிரலின் மாற்றங்களை வரலாறாகச் சேமிக்கும் கருவி) ஏற்றி வெளியிட்டால் போதுமா?" என்று கேட்டிருக்கிறாய். போதாது.

முதலில் உரிமம். உரிமக் கோப்பு இல்லாத நிரலைப் பிறர் பார்க்கலாம், அவ்வளவுதான். மாற்றவோ பகிரவோ சட்டப்படி அவர்களுக்கு உரிமை கிடையாது. பிளெண்டரின் பைத்தான் ஏபிஐயை (பிற நிரல்கள் அதனுடன் பேசும் வழி) அழைக்கும் ஆட்-ஆன் என்பதால், வெளியே கொடுக்கும்போது பிளெண்டரின் திறந்த மூல உரிமமான ஜிபிஎல்லுடன் ஒத்துப்போகும் உரிமம் வேண்டும். ஆட்-ஆனின் விவரங்களைச் சொல்லும் மேனிஃபெஸ்ட் கோப்பில் "ஜிபிஎல் 3 அல்லது அதற்குப் பிந்தையது" என்றே எழுதிவிடு. விலைக்கு விற்கவும் அது தடையில்லை. வாங்கியவர் இன்னொருவருக்குக் கொடுப்பதைத்தான் நீ தடுக்க முடியாது.

பிளெண்டரே அப்படி விடுவிக்கப்பட்டதுதானே. அதை வைத்திருந்த நிறுவனம் 2002-ல் மூடப்பட்டதும் பிளெண்டரை உருவாக்கிய டான் ரோசண்டால் பயனர்களிடம் 1,00,000 யூரோ திரட்டினார். ஏழே வாரத்தில் பணம் சேர்ந்தது, அந்த அக்டோபரிலேயே நிரல் ஜிபிஎல்லில் வெளிவந்தது. பிறகு அவர்கள் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது: ஓவியர்களையும் நிரலாளர்களையும் ஒன்றாக உட்கார வைத்துக் குறும்படம் எடுத்தார்கள். 2008-ல் வந்த 'பிக் பக் பன்னி' முயலுக்கு ரோமம் வேண்டியிருந்தது. அதற்காக முடி, ரோமக் கருவிகள் மேம்பட்டன, எல்லோருக்கும் கிடைத்தன. உன் ஆட்-ஆனையும் ஒரு காட்சியை முடித்தே ஆக வேண்டியவரிடம் முதலில் கொடு. சும்மா சோதித்துப் பார்ப்பவர் கண்ணில் படாத குறையெல்லாம் அவர் கையில் சிக்கும்.

கொடுக்கும் முன் பிளெண்டரை ஃபேக்டரி-ஸ்டார்ட்அப் தெரிவுடன் (புதிதாக நிறுவியது போல) திறந்து சோதித்துவிடு. உன் சொந்த அமைப்புகளும் மற்ற ஆட்-ஆன்களும் பல பிழைகளை மறைத்துவிடும். எதையும் தேர்ந்தெடுக்காமல் பொத்தானை அழுத்திப் பார். ஆக்டிவ் ஆப்ஜெக்ட் (இப்போது கையாளும் பொருள்) 'நன்', அதாவது எதுவுமில்லை என்று இருந்தால் நிரல் அங்கேயே விழும். உருவத்தின் வடிவத்தைத் திருத்தும் எடிட் மோடில் இருந்தபடியும் அழுத்து. பொத்தானை இயக்கலாமா என்று முன்கூட்டியே பார்க்கும் 'போல்' (poll) செயற்கூற்றில் இரண்டையும் சரிபார்த்துவிட்டால் பொத்தான் தானாக மங்கிவிடும், பிழைச் செய்தியே வராது. பொத்தான் இயக்கும் ஆபரேட்டரில், செய்ததைத் திரும்பப் பெறும் 'அன்டூ' தெரிவு இருக்கிறதா என்றும் பார். ஆட்-ஆனை அணைக்கும்போது நடக்கும் அன்ரெஜிஸ்டரில், பிளெண்டரிடம் பதிவு செய்த கிளாஸ்களைப் (நிரலின் பகுதிகளை) பதிவு செய்த வரிசைக்குத் தலைகீழாக அவிழ்க்க வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால், ஆட்-ஆனை அணைத்து மறுபடி இயக்கும்போது தகராறு வரும்.

கிட் வரலாற்றில் எங்காவது கடவுச்சொல்லோ ஏபிஐ சாவியோ இருக்கிறதா? கோப்பை அழித்து கமிட் செய்வதால் (மாற்றத்தை வரலாற்றில் பதிவதால்) அது போகாது, பழைய கமிட்டில் அப்படியே இருக்கும். முதலில் சாவியை ரத்து செய், பிறகு கிட் ஃபில்டர்-ரெப்போ என்ற கருவியால் வரலாற்றைத் துடை. எல்லாம் பொதுவில் வருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

இனி ஆட்கள் விஷயம். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். பத்து நிமிடத்தில் நீயே முடிக்கக்கூடிய சின்ன வேலைகள் நாலைந்தை முடிக்காமல் விட்டுவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு இஷ்யூ (திட்டப் பக்கத்தில் வேலைக் குறிப்பு) திற: எந்தக் கோப்பு, எந்தச் செயற்கூறு, இப்போது என்ன நடக்கிறது, என்ன நடக்க வேண்டும், எப்படிச் சோதிப்பது. எழுத அரை மணி ஆகும், வேலையை விட அதிகம்தான். ஆனாலும் புதிதாக வருகிறவர் நுழைய வாசல் அதுதான். எல்லாவற்றையும் நீயே செதுக்கி முடித்துவிட்டால், பாராட்டிவிட்டுப் போவார்களே தவிர யாரும் கூட நிற்க மாட்டார்கள்.

முதல் பேட்ச் (பிறர் அனுப்பும் நிரல் மாற்றம்) வந்தால் இரண்டு மூன்று நாளுக்குள் பதில் போடு. "பார்த்தேன், வார இறுதியில் படிக்கிறேன்" என்றாலும் சரி. ஒரே பேட்சில் புது வசதி, பிழைத்திருத்தம், இடைவெளி மாற்றம் மூன்றும் கலந்திருந்தால் பிரித்து அனுப்பச் சொல். முக்கியமாக, பிறர் பேட்சைப் பார்த்து நீயே மறுபடி அடித்து உன் பெயரில் கமிட் செய்யாதே. கிட்டில் எழுதியவரும் கமிட் செய்தவரும் தனித்தனிப் புலங்கள். செரி-பிக் செய்தாலே (அவர் கமிட்டை அப்படியே எடுத்துச் சேர்த்தாலே) எழுதியவர் பெயர் நிலைக்கும். கொஞ்சம் திருத்தினாய் என்றால் கமிட் செய்தியில் 'கோ-ஆதர்ட்-பை' (சேர்ந்து எழுதியவர்) வரியைச் சேர்த்து இருவர் பெயரையும் போடு. பெரும்பாலானவர்களுக்கு இதில் கிடைக்கும் ஒரே கூலி அந்தப் பெயர்தான்.

தொடர்ந்து உதவுகிறவருக்குக் கமிட் உரிமையைக் கொடு, ஆனால் அவசரமில்லை. வெளியிடும் ஜிப்பை மட்டும் எப்போதும் கிட் டேகிலிருந்து (பதிப்பைக் குறிக்கும் அடையாளம்) உருவாக்கு, கையால் கட்டாதே. 2024-ல் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (திருட்டு வழி) நுழைந்தது நினைவிருக்கும். இரண்டு ஆண்டுக்கு மேல் நல்ல பெயர் எடுத்த ஒருவர் செய்த வேலை. அதை உயிர்ப்பிக்கும் வரி வெளியீட்டுத் தார்பாலில் (பதிப்பாக வெளியிட்ட சுருக்கப்பட்ட கோப்புத் தொகுப்பு) இருந்தது, கிட்டில் இல்லை. தொலைவிலிருந்து கணினிக்குள் செல்லும் எஸ்எஸ்ஹெச் நுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கவனித்து, விடாமல் தோண்டித்தான் மென்பொருள் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் அதைக் கண்டுபிடித்தார்.

ரீட்மியில் (திட்டத்தின் அறிமுகக் கோப்பு) ஒரு படம், நிறுவும் முறை, பிளெண்டர் 4.2 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும் என்ற குறிப்பு, மாதிரி பிளெண்ட் கோப்பு ஒன்று இருக்கட்டும். அந்த மாதிரியில் உள்ள மரப்பலகை டெக்ஸ்சர் எங்கிருந்து எடுத்தது? யாரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்னும் சிசி0 உரிமத்தில் இல்லையென்றால் மாற்றிவிட்டு ஜிப்பை எனக்கு அனுப்பு. லினக்ஸில் நான் ஓட்டிப் பார்க்கிறேன், விண்டோஸில் பார்க்க வேறு யாரையாவது பிடி.

அன்புடன்,
குமரன்